புஷ்பக்கைத் தேடும் பெங்களூரு: பழைய குட்டி விமானங்களின் மீது ஏன் இத்தனை பிரியம்?

தலைக்கு மேலே போகிற விமானம் எது என்று தெரிந்துகொள்வது இப்போது பெரிய வித்தை இல்லை. ஃபோனில் செயலியைத் திறந்தால் கம்பெனி பெயர், கிளம்பிய ஊர், பறக்கும் உயரம் எல்லாம் வந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூருவின் ஜக்கூர் விமானத்தளத்துச் சுற்றுச்சுவர் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அண்ணாந்து பார்த்து நிற்பவர்களுக்கு அந்தச் செயலி அவ்வளவாகக் கைகொடுக்காது. விமானமே 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பும் தகவலைப் பிடித்துத்தான் இந்தச் செயலிகள் படம் காட்டுகின்றன. அந்தக் கருவி பொருத்தாத பழைய விமானம் அதில் தெரியவே தெரியாது. இவர்கள் தேடுவதோ அப்படிப்பட்டவற்றைத்தான்: இரண்டு இருக்கை, மூக்கில் ஒரே ஒரு புரொப்பெல்லர், நெடுஞ்சாலையில் விரட்டிப் போகும் காரைவிடக் கொஞ்சம்தான் அதிக வேகம். கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழும்.

பழைய குட்டி விமானங்களின் மீதான இந்தப் பைத்தியம் உலகம் முழுக்க உண்டு. பெங்களூருவில் அதற்கு ஒரு விசித்திரமான திருப்பம். இங்குள்ள ஆர்வலர்கள் கொண்டாடும் விமானங்களில் சில இதே ஊரில், இதே ஊர்க்காரர்களின் கையால் செய்யப்பட்டவை. ஆனால் அவற்றில் ஏறிப் பறக்க இந்த ஊரில் கிட்டத்தட்ட வழியே இல்லை. இந்த முரண் எப்படி வந்தது என்பது கொஞ்சம் நீளமான கதை.

1940 டிசம்பரில், மைசூர் சமஸ்தானத்தின் நிலமும் முதலும் துணையிருக்க, தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியை, அதாவது இன்றைய ஹெச்.ஏ.எல்.லை, தொடங்கினார். அடுத்த ஆண்டே ஹார்லோ என்ற அமெரிக்கப் பயிற்சி விமானத்தை இங்கே பூட்டிப் பறக்கவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முற்றியதும் அது அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் பட்டறையாக மாறியது. கடலில் இறங்கும் கேட்டலினா முதல் குண்டுவீச்சு விமானங்கள் வரை இங்கே வந்து பிரிக்கப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டுப் போயின. எந்தக் கல்லூரியும் கற்றுத்தராத பாடம் அது. போர் முடிந்தபோது ரிவெட் அடிக்கவும் எஞ்சினைப் பிரிக்கவும் தெரிந்த ஒரு தலைமுறை இந்த ஊரில் தயாராக இருந்தது.

அந்தக் கைகளுக்கு வேலை கொடுத்தவர் வி. எம். காட்கே. ஜெர்மனியின் கோட்டிங்கனில், காற்றியக்கவியல் மேதை லுட்விக் பிராண்ட்லிடம் படித்துவிட்டு வந்தவர். இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பாடமும் நடத்தியவர். அவர் தலைமையில் வடிவமைத்த ஹெச்டி-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, 155 குதிரைத்திறன் கொண்ட பிரிட்டிஷ் சிரஸ் மேஜர் எஞ்சின், வாலில் ஒரு சின்னச் சக்கரம். இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்டுத் தொடர் உற்பத்திக்குப் போன முதல் விமானம் இதுதான். நம் விமானப்படையில் பல தலைமுறை விமானிகள் கைபழகியது இதில்தான். கானா நாடு தன் விமானப்படையைத் தொடங்கியபோது இதில் 12 விமானங்களை வாங்கிக்கொண்டது. பெங்களூருவில் செய்த பொருளை வெளிநாடு வாங்கிய கதையை மென்பொருளிலிருந்து தொடங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஆனால் ஆர்வலர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஹெச்டி-2வைவிட அடிக்கடி வாயில் வருவது புஷ்பக். இதுவும் அதே ஹெச்.ஏ.எல். ஆலையில் பிறந்தது. 1958 செப்டம்பரில் முதலில் பறந்தது. அமெரிக்க ஏரோன்கா சீஃப் விமானத்தின் வழியில் வந்தது. இறக்கை தலைக்கு மேலே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு, அதன் மேல் இழுத்துப் போர்த்திய துணி. கம்பீரம் என்றெல்லாம் எதுவும் கிடையாது. மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். சுமார் 160 விமானங்கள் செய்யப்பட்டு நாடு முழுக்க இருந்த பறக்கும் கிளப்புகளுக்குப் போயின. ஒரு காலத்தில் இந்தியாவில் சாதாரண ஒருவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார் என்றால், அவர் முதலில் கை வைத்தது புஷ்பக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிற்காலத்தில் பெரிய ஜெட்டுகளை ஓட்டி ஓய்வுபெற்ற கேப்டன்கள்கூடப் புஷ்பக் என்றால் குரல் மாறிப் பேசுவது இதனால்தான்.

இதில் தமிழர்களுக்கு ஒரு வீட்டுத் தொடர்பும் இருக்கிறது. ஹெச்.ஏ.எல்., தொலைபேசி செய்த ஐ.டி.ஐ., மின்னணுக் கருவிகள் செய்த பி.இ.எல். என்று பொதுத்துறை ஆலைகள் வளர்ந்தபோது தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம். முருகேஷ்பாளையா, விமானபுரா, அல்சூர் பக்கம் விசாரித்தால் ‘எங்க தாத்தா ஹெச்.ஏ.எல்.’ என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “புஷ்பக் இறக்கைக்குத் துணி போர்த்தி டோப் அடிச்சா, அந்த வாசனை ரெண்டு நாளைக்குச் சோத்துலகூட வரும் தம்பி” என்றார். நீங்கள் அதில் பறந்திருக்கிறீர்களா அங்கிள் என்று கேட்டேன். “நான் எங்க பறக்கறது? ஒட்டினேன், தேய்ச்சேன், அனுப்பினேன். அவ்ளோதான்.”

அவர் சொன்ன டோப் என்பது செல்லுலோஸ் சேர்ந்த ஒருவகை வார்னிஷ். பருத்தித் துணியையோ லினனையோ சட்டத்தின் மேல் போர்த்தித் தைத்து, அதன் மேல் இதைப் பூசினால், காயும்போது துணி சுருங்கி மத்தளம் போல விறைத்துக்கொள்ளும். பல பூச்சுகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். சீக்கிரம் தீப்பிடிக்கும், வெயிலில் நாள்பட நைந்துபோகும். பிற்காலத்தில் பாலியெஸ்டர் துணி வந்து ஆயுளைக் கூட்டியது. எப்படியானாலும், கையால் செய்ததைக் கையாலேயே பிரித்துச் சரிசெய்ய முடியும் என்பது இந்த விமானங்களின் பெரிய கவர்ச்சி. இன்றைய விமானத்தில் கோளாறு வந்தால் கணினியைச் செருகிப் பார்க்க வேண்டியிருக்கிறது. புஷ்பக்கில் மூடியைத் தூக்கினால் நான்கு சிலிண்டரும் கண்முன்னே நிற்கும்.

ஓட்டுகிறவர்களின் பிரியத்துக்குக் காரணம் வேறு. பழைய விமானங்களில் பெரும்பாலானவை வால் சக்கரம் கொண்டவை. விமானிகள் டெயில் டிராகர் என்பார்கள். முன்னால் இரண்டு பெரிய சக்கரம், பின்னால் வாலில் ஒரு குட்டிச் சக்கரம். இதில் எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. ஈட்டியைக் கனமான முனை பின்னால் இருக்கும்படி எறிந்தால் என்ன ஆகும்? நடுவழியில் திரும்பிக்கொள்ளப் பார்க்கும். தரையில் ஓடும்போது இந்த விமானத்துக்கும் அதே குணம். கொஞ்சம் கோணலாக இறங்கினால் அந்தக் கோணலை அதுவே பெரிதாக்கிக்கொண்டு போகும். விமானி காலால் சுக்கானை மிதித்து உடனுக்குடன் நேராக்காவிட்டால் சுழன்று இறக்கை தரையில் உரசும். இதற்குக் கிரவுண்ட் லூப் என்று பெயர். மூக்கில் சக்கரம் வைத்த செஸ்னா போன்ற விமானங்களில் எடை மையம் முன்னால் இருப்பதால் விமானமே நேராகிக்கொள்ளும். அதனால்தான் பயிற்சிப் பள்ளிகள் அதற்கு மாறின. அதனாலேயேதான் பொழுதுபோக்கு விமானிகள் பழையதைத் தேடுகிறார்கள். என்ஜின் நின்று, சக்கரம் நிற்கும் வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

அப்புறம் கிளப்பும் விதம். பல பழைய விமானங்களில் செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருவர் வெளியே நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட, உள்ளே இருப்பவர் சுவிட்சைப் போட வேண்டும். பேட்டரியே இல்லாமல் மேக்னெட்டோ தானே மின்பொறியை உண்டாக்கிக்கொள்ளும். கேட்க அழகாக இருக்கும். கவனம் பிசகினால் கை போய்விடும். இந்த வேலையைப் பழகியவர்கள் மட்டுமே செய்வார்கள். டைகர் மாத் விமானத்தின் பழைய படங்களில் மூக்குப் பக்கம் ஒருவர் கையை ஓங்கி நிற்பது இதற்காகத்தான். 1931இல் பிறந்த அந்த இரட்டை இறக்கை விமானம் 8,000க்கும் மேல் செய்யப்பட்டது. இந்தியக் கிளப்புகளிலும் விமானப்படையிலும் முதல் பாடம் நடத்தியது.

சரி, ஏன் எல்லாரும் காலையிலேயே போய் நிற்கிறார்கள்? பனிமூட்டமும் ஃபில்டர் காபியும் மட்டும் காரணமல்ல. ஜக்கூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்குப் பாடப்புத்தகம் சொல்லும் இயல்பான வெப்பம் 9 டிகிரி. ஏப்ரல் மதியம் 34 டிகிரி அடித்தால் 25 டிகிரி அதிகம். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. ஆக, காற்றின் அடர்த்தியைப் பொறுத்தவரை விமானம் 6,000 அடியிலிருந்து, அதாவது ஏற்காட்டைவிட உயரமான இடத்திலிருந்து, கிளம்புகிறது என்று அர்த்தம். மெல்லிய காற்றில் எஞ்சினின் பலம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். 90 குதிரையில் 72 பக்கம்தான் மிஞ்சும். இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் பிடிமானம் குறையும். இருவர் ஏறி, டேங்க்கும் நிறைந்திருந்தால், ஓடுபாதையின் முடிவு கண்ணெதிரே வேகமாக வரும். விடிகாலையின் 18, 20 டிகிரியில் அதே விமானம் எவ்வளவோ லேசாக எழும்பும். பெங்களூருவின் தட்பவெப்பத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். சின்ன எஞ்சின்காரர்களுக்கு அது மதியத்துக்கு முன்னால் வரைதான்.

அடுத்து அந்தப் பெரிய கேள்வி. அமெரிக்காவில் 70, 80 வயதான பைப்பர் கப் விமானங்கள் வாரக் கடைசியில் பறக்கின்றனவே, இங்கே புஷ்பக் ஏன் பறக்கக் காணோம்?

அமெரிக்காவில் பழைய விமானங்கள் தங்கியதற்கு ஆசை மட்டும் காரணமல்ல. விபத்து வழக்குகளின் நஷ்டஈட்டுச் சுமையும் விற்பனைச் சரிவும் சேர்ந்து, 1986இல் செஸ்னா தன் ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களின் உற்பத்தியையே நிறுத்தியது. 18 ஆண்டுகளுக்கு மேற்பட்ட விமானங்களுக்குத் தயாரிப்பாளர் மீது வழக்குப் போடுவதைக் கட்டுப்படுத்தி 1994இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகுதான் மீண்டும் தொடங்கினார்கள். புதிது வராத பத்தாண்டுகளில் இருப்பதைப் பேணிக்கொள்வது தவிர வேறு வழியில்லை. பழையதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக், உதிரி பாகம் செய்யும் சின்னப் பட்டறை, தனியாருக்குச் சொந்தமான புல்வெளி ஓடுபாதை எல்லாம் அந்தக் காலத்தில் இன்னும் வேரூன்றின. விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் ஆண்டுதோறும் நடக்கும் விமானத் திருவிழாவில் பழைய விமானங்களுக்கென்று தனி மைதானமே உண்டு. 1945 ஆகஸ்ட் வரை செய்தவை ஒரு வகை, 1955 வரை இன்னொரு வகை, 1970 வரை மூன்றாவது என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். நம் புஷ்பக் அந்த மூன்றாவது வரிசையில் நிற்கும்.

இந்தியாவில் புஷ்பக் தனியாரின் கொட்டகைக்குப் போகவில்லை. பெரும்பாலும் கிளப்புகளிடம் இருந்தது. கிளப்புகள் வாழ்ந்தது அரசு உதவியில். பயிற்சி என்பது வணிக விமானியாவதற்கான ஏணி என்று ஆன பிறகு, 200 மணி நேரத்தை எண்ணி முடிப்பதுதான் மாணவரின் குறி. அதற்கு வானொலியும் வழிகாட்டும் கருவிகளும் பொருத்திய செஸ்னாதான் தோது. பழையவை ஹேங்கரின் மூலைக்குப் போயின. மூலைக்குப் போன துணி விமானம் எலிக்கும் ஈரத்துக்கும் எத்தனை மழைக்காலம் தாங்கும்? ஆசைக்காக மட்டும் ஓட்டுபவருக்கான தனியார் லைசென்ஸுக்கு 17 வயதும் 40 மணி நேரப் பறத்தலும் போதும். ஆனால் அதை எடுத்து அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் இங்கே எண்ணிக்கையில் மிகச் சிறிய கூட்டம்.

எரிபொருள் இன்னொரு தலைவலி. இந்த எஞ்சின்கள் குடிப்பது ஏவ்காஸ் என்ற, ஈயம் கலந்த, நீல நிறப் பெட்ரோல். ஏர்பஸ் போடும் மண்ணெண்ணெய் வகை எரிபொருள் இதற்கு ஆகாது. ஏவ்காஸை வெகுகாலம் நாம் இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தோம். இந்தியன் ஆயில் தன் வதோதரா ஆலையில் தயாரித்ததை 2022 செப்டம்பரில்தான் அறிமுகப்படுத்தியது. வெளிநாட்டில் அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் பலர், உரிய அனுமதியோடு எத்தனால் கலக்காத கார் பெட்ரோலையே ஊற்றிச் சமாளிக்கிறார்கள். இங்கே அந்தக் கதவும் மூடிக்கொண்டது. நம் பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் சீல்களை அரிக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காரில் அப்படி நடந்தால் ஓரமாக நிறுத்தலாம்.

காகிதத்தின் கதை இதைவிட நீளம், ஆனால் சலிப்பூட்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். பறப்பதற்குத் தகுதிச் சான்று வேண்டும், அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், அந்த ரக விமானத்தில் கையெழுத்துப் போட உரிமம் பெற்ற பொறியாளர் வேண்டும். உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆன ரகத்துக்கு அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பதே ஒரு திட்டம். உதிரி பாகத்துக்கு அதன் பிறப்புச் சான்று வேண்டும். பிரிட்டனில் அமெச்சூர் சங்கத்தின் மேற்பார்வையில் ‘பறக்க அனுமதி’ என்ற எளிய வழி பழைய சிறு விமானங்களுக்கு உண்டு. இங்கே அப்படிப்பட்ட பாதை மிகக் குறுகல். மும்பை காந்திவலியில் ஒரு விமானி தன் வீட்டு மொட்டை மாடியிலேயே விமானம் கட்டினார். பதிவு எண் வாங்குவதற்குள் அவர் பட்ட பாடு பத்திரிகைகளில் தொடர்கதையாக வந்தது.

அப்புறம் இடம். 1940களின் கடைசியில் மைசூர் அரசு பயிற்சிப் பள்ளி தொடங்கிய காலத்தில் ஜக்கூர் ஊருக்கு வெளியே இருந்தது. இன்று பல்லாரி சாலையின் மேம்பாலம் ஓடுபாதையின் ஒரு முனையை உரசிக்கொண்டு போகிறது. மேம்பாலத்தைத் தாண்டி உயரத்தோடு வர வேண்டியிருப்பதால் இறங்கப் பயன்படும் நீளம் குறைந்தது, சுற்றிலும் அடுக்குமாடிகள். ஊர் வளர்ந்தால் விமானத்தளம் சுருங்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தேவையில்லை. இதே ஜக்கூரிலிருந்துதான் 1990களில் கேப்டன் கோபிநாத்தின் டெக்கான் ஹெலிகாப்டர் சேவையும் கிளம்பியது.

ஓட்ட வழியில்லாதவர்கள் பார்க்கிறார்கள், எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். வெளியாருக்கு இது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தெரியலாம். விமானத்தின் பெயிண்ட் மாறும், சொந்தக்காரர் மாறுவார், எஞ்சின்கூட மாறும், வி.டி. என்று தொடங்கும் பதிவு எண் இந்தியாவில் இருக்கும் வரை பொதுவாக மாறாது. ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டால் அந்த விமானம் எந்தக் கிளப்பில் இருந்தது, எங்கே அடிபட்டது, எங்கே கிடக்கிறது என்று வாழ்க்கை வரலாறே எழுதலாம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பஸ் மாத் விமானத்தின் எண் வி.டி.-ஏ.டி.என். என்பது ஆர்வலர்களுக்கு மனப்பாடம். அந்தத் தபாலை அங்கிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனவர் நெவில் வின்சென்ட். அந்த ஓட்டத்தின் பொன்விழாவில், 1982இல், 78 வயதில் ஜே.ஆர்.டி. ஒரு லெபர்ட் மாத்தில் தனியாக அதே வழியில் பறந்து காட்டினார். பழைய விமானப் பிரியத்துக்கு இந்தியாவில் அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்ததில்லை.

கேமரா வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 13ஆவது விதி, அனுமதியின்றி அரசு விமானத்தளத்தில் படமெடுப்பதைத் தடுக்கிறது. யெலஹங்காவும் ஹெச்.ஏ.எல். தளமும் பாதுகாப்புத் துறையோடு தொடர்புடையவை. அங்கே கெடுபிடி அதிகம். 2010இல் டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் தங்கி விமானங்களைக் குறித்துக்கொண்டிருந்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் கைதாகி, வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு, அபராதம் கட்டித்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பொது இடத்தில் நின்று கண்ணால் பார்ப்பதும் வேலிக்கு மேலே லென்ஸை நீட்டுவதும் ஒன்றல்ல. போலீஸ்காரர் கேட்டால் “சும்மா பொழுதுபோக்கு சார்” என்பது விளக்கமாக எடுபடாது என்பதைப் பழையவர்கள் புதியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

முறையாகப் பார்க்க இடங்கள் இல்லாமல் இல்லை. பழைய விமான நிலையச் சாலையில் 2001இல் தொடங்கிய ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது. கூட்டம் ஹெச்.ஏ.எல். செய்த மாருத் என்ற போர் ஜெட்டைச் சுற்றித்தான் நிற்கும். அதை முதன்முதலில் ஓட்டிய சுரஞ்சன் தாஸின் பெயரில் உள்ள சாலையில்தான் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் டிராஃபிக்கில் சிக்கி வந்திருப்பார்கள். விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு முழு அளவு மாதிரி இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை யெலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி. பறக்கிற பழையது வேண்டுமென்றால் விமானப்படையின் பாரம்பரியப் பிரிவுதான் கதி. 2012 விமானப்படை நாளில் டெல்லிக்குப் பக்கத்து ஹிண்டன் தளத்தில் பறந்த டைகர் மாத்தும், 2018இல் பிரிட்டனிலிருந்து பறந்தே வந்து சேர்ந்த டக்கோட்டா என்ற இரட்டை எஞ்சின் போக்குவரத்து விமானமும் அதைச் சேர்ந்தவை. அந்த டக்கோட்டாவைப் பரிசளித்தவர், அப்போது கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போயிருந்த ராஜீவ் சந்திரசேகர். அவர் அப்பா விமானப்படையில் டக்கோட்டா ஓட்டியவர். தனியொருவரின் காசும் பிரிட்டிஷ் பட்டறையின் திறமையும் சேர்ந்தால்தான் இது முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு காலத்தில் ஊர்பட்ட விமானங்களைப் பழுதுபார்த்த நகரத்துக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டிய விஷயம்.

ஓசூர்ப் பக்கமும் ஒரு பார்வை போக வேண்டும். எல்லையைத் தாண்டினால் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் தனியார் ஓடுபாதை. 1990களில் இத்தாலியின் பார்ட்டனேவியா இரட்டை எஞ்சின் விமானத்தை அங்கேதான் பூட்டினார்கள். பெங்களூருவின் தேசிய வானூர்தி ஆய்வகம் வடிவமைத்து 1993இல் முதலில் பறந்த ஹன்சாவும் பிறகு அங்கே உருவானது. தமிழ்நாட்டு மண்ணில் விமானம் செய்த கதை தமிழில் இவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

அந்த ஹன்சாவைப் பழைய விமானக் கணக்கில் சேர்க்கலாமா என்ற சண்டை ஆர்வலர்களிடையே இப்போதே தொடங்கிவிட்டது. கண்ணாடியிழை உடம்பு, ரோட்டாக்ஸ் எஞ்சின், மூக்குச் சக்கரம். துணியும் டோப்பும் இல்லாததை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு கட்சி. முதல் வடிவம் பறந்து 30 ஆண்டு தாண்டிவிட்டது, புதிய ஹன்சா 2021லேயே பறந்தாயிற்று, கிளப்புகளில் மிச்சமிருக்கும் பழைய ஹன்சாக்களின் எண்களையும் பதிவேடுகளையும் இப்போதே திரட்டாவிட்டால் புஷ்பக்கின் கதைதான் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.